எட்வர்டு கிப்பனின் நாட்டுப்படைப் பணியும் வரலாற்றெழுத்தும்

ஆய்வுச் சுருக்கம்

உரோமைப் பேரரசின் தளர்ச்சியையும் வீழ்ச்சியையும் ஆறு தொகுதிகளில் எழுதிய எட்வர்டு கிப்பன் (1737–1794), தம் இளமையில் இங்கிலாந்தின் தெற்கு ஹாம்ப்ஷயர் நாட்டுப்படையில் கேப்டனாகப் பணியாற்றியவர். இப்பணிக்காலத்தை அவருடைய கல்விக்கு நேர்ந்த இடையூறாகவோ சுவையான இடைநிகழ்ச்சியாகவோ கருதிக் கடந்துவிடுவதுண்டு. 1757ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நாட்டுப்படை திரட்டப்பட்ட முறையோடு அவர் வாழ்க்கையை இணைத்துக் காண்கிறது இக்கட்டுரை. ஒரு நாட்டைக் காக்கும் கடமை யாருக்குரியது என்னும் வினா அவருடைய வரலாற்றெழுத்தில் பெறும் இடத்தை விளங்கிக்கொள்ள அப்பணிக்காலம் இன்றியமையாதது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: எட்வர்டு கிப்பன், நாட்டுப்படை, நிலைப்படை, திருவுளச்சீட்டு, மாற்றாள், தன்வரலாறு, வரலாற்றெழுத்து.

முன்னுரை

வரலாற்றை எழுதியவரின் வரலாற்றை அறிவது அவர் நூலை அறிவதற்கு ஒரு வழியாகும். கிப்பனைப் பொறுத்தவரை இவ்வழி எளிதாகத் திறக்கிறது. அவர் நாட்குறிப்பு எழுதினார். முதுமையை நெருங்கிய காலத்தில் தன்வரலாற்றை ஆறு முறை வெவ்வேறு வரைவுகளாக எழுதிப் பார்த்தார். இவ்விரு வகைச் சான்றுகளிலும் 1760 முதல் 1762 வரையிலான படைப்பணிக்காலம் விரிவான இடம் பெறுகிறது. நூலகத்தோடு மட்டுமே தொடர்புபடுத்தி அறியப்படும் ஓர் அறிஞர், இரண்டரை ஆண்டுகள் சிவப்புச் சீருடை அணிந்து ஊர் ஊராகப் படை நடத்திச் சென்றார் என்பது வெறும் வியப்புச் செய்தியன்று. அவர் பின்னாளில் எழுப்பிய வினாக்களோடு அது நெருங்கிய உறவுடையது.

மிலிஷியா என்னும் சொல்லுக்கு இக்கட்டுரை நாட்டுப்படை என்னும் சொல்லை ஆள்கிறது. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கான உரையில் பரிமேலழகர் சுட்டும் அறுவகைப் படைகளுள் நாட்டுப்படையும் கூலிப்படையும் அடங்கும். அவ்வகைப்பாட்டின் பொருள் முழுவதையும் இங்கிலாந்தின் மீது ஏற்றுவது இங்கு நோக்கமன்று. நாட்டு மக்களிடமிருந்து குறித்த காலத்துக்குத் திரட்டப்படும் படை என்னும் அளவிலேயே இச்சொல் இங்கு ஆளப்படுகிறது. ஊதியம் பெற்றுப் போரையே தொழிலாகக் கொண்டு எக்காலத்தும் நிலைபெற்றிருக்கும் அரசுப்படை நிலைப்படை எனக் குறிக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

கிப்பன் 1737ஆம் ஆண்டு இலண்டனை அடுத்த பட்னியில் பிறந்தார். அவருடைய பாட்டனார் தென்கடல் கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவராக இருந்து, அதன் சரிவுக்குப்பின் தம் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்து, பின்னர் மீண்டும் பொருளீட்டியவர். கிப்பனோடு பிறந்த அறுவரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். அவரும் நோயுற்ற பிள்ளையாகவே வளர்ந்தார். தாயையும் இளமையிலேயே இழந்த அவரைத் தாயின் தமக்கையான கேத்தரின் போர்ட்டன் பேணி வளர்த்தார். நூல்களின்பால் ஈடுபாட்டை ஊட்டியவரும் அவரே.

1752ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டின் மாக்டலன் கல்லூரியில் சேர்ந்த கிப்பன், அங்கிருந்த 14 மாதங்களைத் தம் வாழ்வில் வீணான காலமாகவே பின்னர் மதிப்பிட்டார். 1753இல் அவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். அக்காலத்து இங்கிலாந்தில் கத்தோலிக்கருக்குப் பல்கலைக்கழகமும் பொதுப்பதவிகளும் மூடிய கதவுகளாக இருந்தன. ஆகவே தந்தை அவரைச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகருக்கு அனுப்பிக் கால்வினியப் போதகர் பவிலியாரின் பொறுப்பில் விட்டார். 1754ஆம் ஆண்டு இறுதியில் அவர் மீண்டும் சீர்திருத்தச் சமயத்துக்குத் திரும்பினார். எனினும் 1758 வரை அங்கேயே தங்கி இலத்தீனையும் பிரெஞ்சையும் ஆழ்ந்து கற்றார். சூசன் குர்ஷோ என்னும் பெண்ணை மணக்க விரும்பிய அவர், தந்தையின் மறுப்பால் அவ்விருப்பத்தைக் கைவிட்டார்.

ஐந்து ஆண்டுகளுக்குப்பின் தாய்நாடு திரும்பிய கிப்பன், சிந்தனையாலும் நடையுடையாலும் அயலவராகவே இருந்தார். பிரெஞ்சிலேயே எண்ணினார், பிரெஞ்சிலேயே எழுதினார். ஹாம்ப்ஷயரில் பீட்டர்ஸ்பீல்டை அடுத்த புரிட்டனில் இருந்த தந்தையின் பண்ணை வீட்டில் நூல்களோடு ஒதுங்கி வாழ்ந்தார். இந்நிலையில்தான் நாட்டுப்படை அவர் வாழ்வில் குறுக்கிட்டது.

1757ஆம் ஆண்டு நாட்டுப்படைச் சட்டம்

ஏழாண்டுப் போர் 1756இல் தொடங்கியபோது பிரிட்டன் தன் கரைகளைத் தானே காக்க இயலாத நிலையில் இருப்பதாக அஞ்சியது. அவ்வாண்டு மினோர்க்கா தீவு பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தது. பிரெஞ்சுப் படையெடுப்பை எதிர்நோக்கி ஹெஸ்ஸியிலிருந்தும் ஹனோவரிலிருந்தும் படைகள் இங்கிலாந்துக்கு வரவழைக்கப்பட்டன. தம் நாட்டைக் காக்க அயல்நாட்டுப் படையை அழைப்பது இழிவு என்னும் எண்ணம் பரவியது. மற்றொருபுறம், பெரிய நிலைப்படை மன்னரின் கையில் கொடுங்கோன்மைக் கருவியாகிவிடும் என்னும் அச்சம் 17ஆம் நூற்றாண்டு முதலே ஆங்கிலேயரிடம் வேரூன்றியிருந்தது. இவ்விரண்டுக்கும் விடையாக நாட்டுப்படை முன்வைக்கப்பட்டது. ஜார்ஜ் டவுன்செண்டு இதற்காக முனைந்தார். மூத்த வில்லியம் பிட் ஆதரித்தார். 1756இல் மேலவையில் தோற்ற மசோதா, 1757இல் சட்டமாயிற்று.

இச்சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் ஏறத்தாழ 32,000 பேரைக் கொண்ட படையை வகுத்து, ஒவ்வொரு கவுண்டியும் தர வேண்டிய எண்ணிக்கையைக் குறித்தது. ஸ்காட்லாந்து இதில் சேர்க்கப்படவில்லை. ஊர்தோறும் 18 முதல் 50 அகவைக்குட்பட்ட ஆடவரின் பட்டியல் எடுக்கப்பட்டுத் திருவுளச்சீட்டின் மூலம் வீரர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பணிக்காலம் மூன்று ஆண்டு. சீட்டு விழுந்தவர் தாமே பணியாற்றலாம். தம் சார்பில் ஒரு மாற்றாளை அமர்த்தலாம். அல்லது 10 பவுன் தண்டம் செலுத்தலாம். கவுண்டிதோறும் மன்னரின் சார்பாளராக விளங்கிய லார்ட் லெப்டினன்ட் அதிகாரிகளை அமர்த்தினார். அதிகாரிகளுக்குப் பதவிக்கேற்ற நிலவுடைமை தகுதியாக வரையறுக்கப்பட்டது. நாட்டுக்கு வெளியே இப்படையை அனுப்பலாகாது என்பதும் விதி.

நாட்டின் உரிமையைக் காக்கும் படை எனப் போற்றப்பட்ட இது, பட்டியலில் பெயர் ஏறிய எளிய மக்களுக்கு வேறு வகையாகத் தோன்றியது. கூலித்தொழிலாளி ஒருவருக்கு 10 பவுன் என்பது பல மாத உழைப்பின் பயன். செல்வர் பணம் கொடுத்து விலக, வறியவரே சுமையை ஏற்கும் முறை இது என்பதை அவர்கள் உடனே உணர்ந்தனர். கடல் கடந்து அனுப்பிவிடுவார்கள் என்னும் ஐயமும் சேர்ந்தது. 1757இல் யார்க்ஷயர், லிங்கன்ஷயர் முதலிய பகுதிகளில் மக்கள் திரண்டு பட்டியல்களைப் பறித்தனர். 1761 மார்ச் 9ஆம் நாள் நார்தம்பர்லாந்தின் ஹெக்சம் நகரில் திருவுளச்சீட்டை எதிர்த்துக் கூடியவர்கள்மீது வடக்கு யார்க் நாட்டுப்படையினர் சுட்டதில் ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். மக்களிடமிருந்து திரட்டிய படையே, அவ்வாறு திரட்டுவதை எதிர்த்த மக்களைச் சுட்ட நிகழ்வு இது. கிப்பன் படைப்பணியில் இருந்த காலமும் இதுவே.

படை திரட்டப்படல்

சட்டம் இயற்றப்பட்ட உடனே படைகள் உருவாகிவிடவில்லை. பல கவுண்டிகளில் அதிகாரிகளாக முன்வர நிலக்கிழார்கள் தயங்கினர். 1759இல் பிரெஞ்சுப் படையெடுப்புத் திட்டம் வெளிப்படையான பின்னரே வேகம் பிறந்தது. அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாளிட்ட ஆணையால் கிப்பன் கேப்டனாகவும் அவர் தந்தை மேஜராகவும் தெற்கு ஹாம்ப்ஷயர் படையில் அமர்த்தப்பட்டனர். நிலமுடைய குடும்பத்துக்கு உரிய மதிப்பாகவே அவர்கள் இப்பதவிகளை ஏற்றனர்; பண்ணையையும் நூல்களையும் விட்டுச் செல்ல நேரும் என்று கருதவில்லை. 1759 நவம்பரில் கிபெரோன் விரிகுடாவில் பிரெஞ்சுக் கடற்படை தோற்றபின் படையெடுப்பு அச்சம் பெரிதும் நீங்கியது. ஆயினும் 1760 மே மாதம் முழுநேரப் பணிக்கான அரசாணை வந்தது. ஜூன் 4ஆம் நாள் படை வின்செஸ்டரில் கூடியது.

அச்சம் நீங்கியபின்னும் படை ஏன் அழைக்கப்பட்டது என்னும் வினா இங்கு எழும். நாட்டுப்படை உள்நாட்டைக் காத்தால் நிலைப்படையைக் கடல் கடந்து அனுப்பலாம் என்பதே விடை. ஜெர்மனி, வட அமெரிக்கா, இந்தியா ஆகிய இடங்களில் ஒரே போர் நடந்துகொண்டிருந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படையை வென்ற அயர் கூட்டின் படையிலும் கம்பெனிப் படையினரோடு பிரிட்டனின் அரசுப் படைப்பிரிவுகள் இருந்தன. ஹாம்ப்ஷயர் உழவர்கள் உள்நாட்டுக் காவலுக்கு அழைக்கப்பட்டதும், தமிழகத்து வயல்வெளிகளில் அயல்நாட்டுப் படைகள் பொருததும் ஒரே போரின் இருவேறு முனைகளாகும்.

முகாம் வாழ்க்கை

தெற்கு ஹாம்ப்ஷயர் படை, அதிகாரிகளும் வீரர்களுமாக 476 பேரைக் கொண்ட சிறிய தனிப்படை. லெப்டினன்ட் கர்னல் சர் தாமஸ் வொர்ஸ்லி அதன் தலைவர். கவுண்டியின் லார்ட் லெப்டினன்டான போல்டன் கோமகனோடு நெடிய பூசலுக்குப்பின் அப்படை தன் தனித்தன்மையை நிலைநாட்டிக்கொண்டது. முதற்கேப்டனான கிப்பன், தம் குழுவையும் பின்னர்க் கிரெனேடியர் குழுவையும் நடத்தினார். வொர்ஸ்லியும் தந்தையும் உடனிருந்தபோதும் ஆணைகளை எழுதுவதும் படைப்பயிற்சி அளிப்பதும் பெரும்பாலும் அவர் பொறுப்பாகவே இருந்தன.

நாட்டுப்படை தன் கவுண்டியிலேயே தங்கியிருக்கவில்லை. பிளாண்ட்போர்டு, ஹில்சி, கிரான்புரூக், டோவர், வின்செஸ்டர், டிவைசஸ், சவுத்தாம்ப்டன் எனப் பல ஊர்களுக்குக் கிப்பனின் படை நகர்ந்தது. கிரான்புரூக்கில் இருந்தபோது சிசிங்ஹர்ஸ்ட் மாளிகையில் அடைக்கப்பட்டிருந்த பிரெஞ்சுப் போர்க்கைதிகளைக் காத்தது. 1761ஆம் ஆண்டுக் கோடையில் வின்செஸ்டரில் நான்கு மாதம் கூடாரமிட்டுத் தங்கியது. அங்கு நிலைப்படையின் 34ஆம் படைப்பிரிவும் ஆறு நாட்டுப்படைகளும் ஒருசேர இருந்தன. தம் குறைகளை உணர்ந்த நாட்டுப்படையினர் காலையும் மாலையும் பயின்று, படை அணிவகுப்புகளில் தலைநிமிர்ந்து நிற்கும் நிலையை எட்டினர். 1762ஆம் ஆண்டுக் கோடையில் நடந்த திருவுளச்சீட்டு புதிய இளைஞர்களைக் கொணர்ந்தது. 1762 டிசம்பர் 23ஆம் நாள், போர் முடிவுறும் தறுவாயில், படை கலைக்கப்பட்டது.

இவ்வாழ்க்கை கிப்பனுக்கு உவப்பானதாக இருக்கவில்லை. விடுதிகளின் இரைச்சலும், உடன் அதிகாரிகளின் கல்வியறிவற்ற பேச்சும், இரவு நெடுகிலும் நீளும் குடியும் அவரை வருத்தின. பக்கிங்ஹம்ஷயர் நாட்டுப்படையின் கர்னலாக இருந்த ஜான் வில்க்சோடு 1762 செப்டம்பரில் விருந்துண்ட நிகழ்வை நாட்குறிப்பில் எழுதியுள்ளார். வில்க்சின் நகைத்திறத்தை வியந்த அவர், ஒழுக்கத்தை மதிக்காத அவருடைய பேச்சை வெறுப்போடு பதிவுசெய்தார்.

படைநடுவே படிப்பு

முகாமில் சேர்ந்த முதற்சில மாதங்களில் நூல்களைத் தொடக்கூட அவருக்கு வாய்க்கவில்லை. பின்னர் அணிவகுப்புகளுக்கிடையே கிடைத்த பொழுதுகளை மீட்டெடுத்தார். ஹொரேசின் நூலைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். இலியதைக் கிரேக்கத்தில் கற்றார். பண்டைய கிரேக்கர், உரோமர் ஆகியோரின் போர்முறை குறித்துக் கிஷார் எழுதிய பிரெஞ்சு நூலைப் பயின்றார். நிலைப்படையில் பணியாற்றிய அனுபவத்தோடு நூலறிவையும் சேர்த்தவர் என்பதால் அவ்வாசிரியரைக் கிப்பன் பெரிதும் மதித்தார்.

இலக்கியக் கல்வி குறித்து லோசானில் பிரெஞ்சில் எழுதத் தொடங்கிய சிறுநூல் 1761இல் வெளிவந்தது. தம் முதல் நூல் வெளியான வேளையில் அதன் ஆசிரியர் கூடாரத்தில் இருந்தார். இத்தாலிமீது எட்டாம் சார்லசின் படையெடுப்பு, வால்டர் ராலியின் வாழ்க்கை, சுவிட்சர்லாந்தின் விடுதலை, மெதிச்சியர் காலத்துப் புளோரன்ஸ் எனப் பல பொருள்களை இக்காலத்திலேயே அவர் எண்ணிப் பார்த்துக் கைவிட்டார். இப்பொருள்களுள் பலவற்றில் ஒரு சமூகம் தன் படையை எவ்வாறு அமைத்துக்கொள்கிறது என்னும் வினா உள்ளுறைந்திருப்பதைக் காணலாம்.

மொழி நிலையிலும் இப்பணி மாற்றத்தைத் தந்தது. நாள்தோறும் ஆங்கிலத்தில் ஆணையிடவும், மடல் வரையவும், எல்லா நிலையினரோடும் உரையாடவும் நேர்ந்தது. 1761இல் தொடங்கிய நாட்குறிப்பை ஆங்கிலத்திலேயே எழுதினார். பின்னரும் சில காலம் பிரெஞ்சையே அவர் நூலாக்க மொழியாகக் கொண்டார் என்பதும், 1767இல் டேவிட் ஹியூம் ஆங்கிலத்தில் எழுதுமாறு அறிவுறுத்தினார் என்பதும் உண்மையே. எனினும் நாட்டுப்படை தம்மை மீண்டும் ஆங்கிலேயராக்கியது என்று கிப்பனே மதிப்பிட்டுள்ளார்.

நாட்குறிப்பும் தன்வரலாறும்

இப்பணியின் பயனைப் பற்றிக் கிப்பன் சொல்பவற்றை அப்படியே ஏற்பது ஆய்வு நெறியாகாது. தன்வரலாற்று வரைவுகள் அவருடைய பெருநூல் நிறைவுற்ற காலத்தை ஒட்டியும் அதற்குப் பின்னும் எழுதப்பட்டவை. ஹாம்ப்ஷயர் கிரெனேடியர் குழுவின் கேப்டனாக இருந்தது உரோமைப் பேரரசின் வரலாற்றாசிரியருக்குப் பயனற்றுப் போகவில்லை என, படிப்பவர் நகைக்கக்கூடும் என்னும் முன்னறிவிப்போடு அவர் அவற்றில் குறிப்பிடுகிறார். வெற்றிபெற்ற முதியவர் தம் இளமையின் சிதறல்களை ஒரே நோக்கில் கோத்துக் காட்டுவது தன்வரலாற்றின் இயல்பு.

நாட்குறிப்போ அன்றன்றைய சலிப்பையும் சினத்தையும் பதிவுசெய்கிறது. ஆனால் படை கலைக்கப்பட்ட நாளை ஒட்டிய பதிவில், இப்பணி நேர்ந்ததற்கும் முடிந்ததற்கும் ஒருசேர மகிழ்வதாக அவர் எழுதுகிறார். மக்களையும் நாட்டின் நிறுவனங்களையும் படைத்தொழிலையும் அறிந்ததை ஆதாயமாகவும், இழந்த காலத்தையும் கெட்ட பழக்கங்களையும் இழப்பாகவும் கணக்கிடுகிறார். இப்பதிவு எழுதப்பட்டபோது உரோமை வரலாறு என்னும் திட்டமே அவர் மனத்தில் இல்லை. ஆகவே படைப்பணி தமக்குக் கற்பித்தது என்னும் எண்ணம் முதுமையில் புனைந்துகொண்டதன்று. 25 அகவையிலேயே உருவானது என்பது தெளிவு.

உரோமை வரலாற்றில் நாட்டுப்படை வினா

1764 அக்டோபரில் உரோம் நகரின் இடிபாடுகளுக்கிடையே தம் நூலின் கரு தோன்றியதாகக் கிப்பன் குறிப்பிடுகிறார். முதல் தொகுதி 1776இல் வெளிவந்தது. அதன் முதல் இயலிலேயே உரோமைப் படையமைப்பு விரிவாகப் பேசப்படுகிறது. குடியரசின் நற்காலத்தில், காக்க வேண்டிய உடைமையும் நேசிக்க வேண்டிய நாடும் உள்ள குடிமக்களே படைக்கலம் ஏந்தினர் என்றும், நாட்டின் எல்லை விரிய விரியப் போர் ஒருபுறம் கலையாக உயர்ந்து, மறுபுறம் பிழைப்புத்தொழிலாகத் தாழ்ந்தது என்றும் அவர் வரைகிறார். படையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே பயிற்சி என்னும் பொருளிலிருந்து பிறந்தது என்பதை எடுத்துக்காட்டி, இடைவிடாப் பயிற்சியே வீரத்தை ஆற்றலாக்குகிறது என்கிறார். வின்செஸ்டர் வெளியில் காலையும் மாலையும் உழவர்களைப் பயிற்றியவரின் குரலை இங்குக் கேட்க முடிகிறது. ஐந்தாம் இயலில் பிரிட்டோரியக் காவற்படை 193இல் பேரரசையே ஏலம் விட்ட நிகழ்வு, நிலைப்படை அரசை விழுங்குவதன் முடிந்த முடிபாக விளங்குகிறது.

1781இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியின் 17ஆம் இயல் இன்னும் நெருங்கிய ஒப்புமையைத் தருகிறது. பிற்காலப் பேரரசில் நிலமுடையோர் தாமே படைக்கலம் ஏந்த வேண்டும், அல்லது மாற்றாளைத் தர வேண்டும், அல்லது பெருந்தண்டம் செலுத்தி விலக வேண்டும் என்னும் முறையைக் கிப்பன் விளக்குகிறார். இம்மூன்று வழிகளும் 1757ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த மூன்று வழிகளோடு ஒத்துள்ளன. படையில் சேராதிருக்க இளைஞர்கள் தம் வலக்கை விரல்களைத் தாமே வெட்டிக்கொண்டதையும், இடைவெளியை அயலினத்தார் நிரப்பியதையும் அவர் தொடர்ந்து காட்டுகிறார். இரு அமைப்புகளையும் அவர் அங்கு வெளிப்படையாக ஒப்பிடவில்லை. ஆயினும் சீட்டும் மாற்றாளும் தண்டமும் எவ்வாறு நடைமுறையில் இயங்கும் என்பதை நேரில் கண்டவர் எழுதிய பகுதி இது என்பதை மறத்தலாகாது.

தன்வரலாற்றில் கிப்பன் இவ்வினாவுக்கு நேரடி வரையறை தருகிறார். நாட்டைக் காப்பது மக்கள் அனைவரின் அவ்வப்போதைய கடமையாக அமைந்தால் அது நாட்டுப்படை. சிலரின் தனித்தொழிலாக ஒப்படைக்கப்பட்டால் அது நிலைப்படை. இவ்வளவுகோலால் நோக்கினால், அவர் பணியாற்றிய படையின் முரண் வெளிப்படும். ஆண்டுக்குச் சில வாரம் பயின்றபோது அது பெயரளவிலான படை. தன் ஊரையும் ஏரையும் விட்டு இரண்டரை ஆண்டு ஊதியத்துக்குத் திரிந்தபோதுதான் அது போரிடத்தக்க படையாயிற்று. ஆனால் அப்போது அது நாட்டுப்படையாக இருக்கவில்லை. உரோமின் பல நூற்றாண்டு மாற்றத்தைக் கிப்பன் தம் 476 பேரிடம் சிறிய அளவில் கண்டார் எனக் கூறுவது மிகையாகாது.

எனினும் அவருடைய பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. அவர் நிலவுடைமையால் அதிகாரியானவர். சீட்டு விழுந்து வந்தவரின் வீட்டில் என்ன நேர்ந்தது, ஹெக்சம் தெருவில் மாண்டவர் எதற்கு அஞ்சினார் என்பவை அவர் எழுத்தில் ஆராயப்படவில்லை. உரோமை இளைஞரின் வெட்டுண்ட விரல்களைக் கண்ட அவர், தம் காலத்து மக்களின் எதிர்ப்பை அதே கூர்மையோடு காணவில்லை.

இறுதிக் காலம்

1762க்குப் பின்னும் கிப்பன் நாட்டுப்படையை உடனே விடவில்லை. மேஜராகவும் பின்னர் லெப்டினன்ட் கர்னலாகவும் உயர்ந்து, ஆண்டுப் பயிற்சிகளில் கலந்துகொண்டு, சலிப்பு மேலிட்ட நிலையில் 1770இல் விலகினார். அவ்வாண்டே தந்தை இறந்தார். 1774இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1783இல் லோசானுக்குக் குடிபெயர்ந்து, 1787 ஜூன் 27ஆம் நாள் இரவு தம் பெருநூலின் இறுதி வரிகளை எழுதி முடித்தார். கடைசி மூன்று தொகுதிகள் 1788இல் வெளிவந்தன. 1794 ஜனவரி 16ஆம் நாள் இலண்டனில் காலமான அவர், நண்பர் ஷெபீல்டு பிரபுவின் குடும்பக் கல்லறையில், சசெக்ஸின் பிளெட்சிங் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். ஷெபீல்டு பிரபு ஆறு வரைவுகளையும் இணைத்துத் தன்வரலாற்றை 1796இல் வெளியிட்டார்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, 1757ஆம் ஆண்டுச் சட்டம் நிலைப்படை மீதான அச்சத்திலும் அயற்படையை அழைத்த நாணத்திலும் பிறந்தது. அதன் சுமை எளியோர் தோளிலேயே பெரிதும் விழுந்தது. இரண்டாவதாக, அச்சட்டம் கிப்பனை நூலகத்திலிருந்து வெளியே இழுத்துத் தாய்மொழியோடும் நாட்டு மக்களோடும் மீண்டும் இணைத்தது. மூன்றாவதாக, குடிமக்கள் தம் நாட்டைக் காக்கும் கடமையைப் பிறரிடம் விலைக்கு விடும்போது நேர்வது என்ன என்னும் வினாவை அவர் உரோமை வரலாற்றில் தொடர்ந்து எழுப்பினார். அதற்கான பட்டறிவை ஹாம்ப்ஷயர் முகாம்களில் பெற்றிருந்தார். அவர் பெயர் இன்றும் நிற்கிறது. அவரோடு நடந்த வீரர்களின் அனுபவம் அவர் நூல்களில் அவர் கண்ட அளவுக்கே இடம்பெற்றுள்ளது. கிப்பனைப் படிப்பவர் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.